போன வருஷப் பக்கத்தைத் திறந்துவையுங்கள்: டென்னிஸ் புள்ளிக் கணக்கு

பாலக்கோடு பக்கம் ஒரு பள்ளியில் நான் பி.டி. டீச்சர். எங்கள் மைதானத்தில் கபடிக்கும் கோ-கோவுக்கும்தான் சுண்ணாம்புக் கோடு. டென்னிஸ் செல்போனில் பார்ப்பதுதான். 2022 ஜூலையில் ஜோகோவிச் விம்பிள்டன் ஜெயித்த மறுநாள், ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஓடிவந்தாள். "டீச்சர், கப் வாங்கினவரு மூணாவது இடத்துல இருந்து ஏழுக்கு எறங்கிட்டாரு!"

அன்று மதியம் ஒரு கோடு போட்ட நோட்டை விரித்து உட்கார்ந்தோம். நீங்களும் அப்படியே செய்து பாருங்கள்.

இடது பக்கம் போன வருஷம், வலது பக்கம் இந்த வருஷம். புள்ளிகளின் மொத்தத்தை வைத்துத்தான் உலகத் தரவரிசையில் இடம். ஒரு போட்டியில் எடுத்த புள்ளி 52 வாரம்தான் கணக்கில் இருக்கும். அப்புறம் கழிந்துவிடும். ஜோகோவிச்சுக்கு 2021 விம்பிள்டன் 2000 புள்ளி கழிந்தது. ரஷ்ய, பெலாரஸ் வீரர்களை அந்த வருஷம் விம்பிள்டன் சேர்க்காததால், ஆண்களுக்கான ஏடிபி, பெண்களுக்கான டபிள்யூடிஏ என்ற டென்னிஸ் அமைப்புகள் இரண்டுமே புள்ளி தரவில்லை. அதனால் வலது பக்கம் பூஜ்யம். இடம் இறங்கியது அதனால்தான்.

இனி, எத்தனை புள்ளி என்று தெரிய வேண்டும். பெயரிலேயே பாதி விடை இருக்கிறது. ஏடிபி 250 வகைப் போட்டியில் கோப்பை ஜெயித்தால் 250, ஏடிபி 500 என்றால் 500, மாஸ்டர்ஸ் 1000 என்றால் 1000. விம்பிள்டன் போன்ற பெரிய போட்டிகளான கிராண்ட் ஸ்லாம் நான்குக்கும் 2000. இறுதியில் தோற்றால் 1300, அரையிறுதியில் 800, காலிறுதியில் 400, நான்காம் சுற்றில் 200, மூன்றாம் சுற்றில் 100, இரண்டாவதில் 50, முதல் சுற்றிலேயே வெளியேறினால் 10. இது 2024 முதல் ஆண்களுக்கு. அதற்கு முன் இறுதியில் தோற்றவருக்கு 1200தான். பழைய வருஷத்தைக் கணக்குப் போடும்போது இதைக் கவனியுங்கள். பெண்களுக்குத் தனிப் பக்கம் வையுங்கள், அதே வரிசையில்: 2000, 1300, 780, 430, 240, 130, 70, 10.

முதல் சுற்று ஆடாமலே இரண்டாம் சுற்றுக்குப் போகும் 'பை' சில போட்டிகளில் முன்னணி வீரர்களுக்குக் கிடைக்கும். ஏடிபியில் அப்படிப் போனவர் தன் முதல் ஆட்டத்திலேயே தோற்றால் முதல் சுற்றுக்கான புள்ளிதான். என் மாணவிகள் இதில்தான் அடிக்கடி தவறுவார்கள்.

இன்னொன்று: ஆடிய எல்லாப் போட்டியும் கூட்டலில் வராது. சிறந்த முடிவுகள் ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கை மட்டும் சேரும். அதனால் ஒரு சின்னப் போட்டியில் ஜெயித்தும் மொத்தம் அசையாமல் இருக்கலாம்.

ஜனவரியில் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் 'ரேஸ்' பட்டியல் வேறு. ஆண்டு இறுதிப் போட்டிக்கு யார் போவார்கள் என்பதற்கு அது. இந்த நோட்டோடு அதைக் கலக்காதீர்கள்.

2025 ஆஸ்திரேலிய ஓபன் இறுதி முடிந்ததும் மாணவிகளே நோட்டை எடுத்தார்கள். வீராங்கனை சபலென்காவுக்கு இடது பக்கம் 2024-இல் ஜெயித்த 2000. இறுதியில் தோற்றதால் வலது பக்கம் 1300. "ஒரே மேட்ச் தோத்தாங்க, 700 போச்சு" என்று ஒருத்தி சிவப்பு மையில் எழுதினாள்.