வேட்டியும் பவர்பேங்கும்: வெளியூர் போய் அந்துப்பூச்சி பதிவுசெய்வது

கோலாலம்பூரில் அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் இரண்டு ராத்திரியாவது ஃபிரேசர்ஸ் ஹில்லில் தங்கிவிடுவேன். நகரத்துக்கு வடக்கே சுமார் 100 கிலோமீட்டர், ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம். அந்துப்பூச்சிக்குப் பேர்போன மலை. ராத்திரியில் வேட்டியைத் திரையாகக் கட்டி விளக்கேற்றினால் பூச்சிகள் வந்து உட்காரும், அவற்றைப் படமெடுத்து எண்ணிக் குறித்துக்கொள்வேன். டிக்கெட் போடும் முன் தினசரிக் காலண்டரில் அமாவாசை என்றைக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிலா வெளிச்சத்தில் விளக்குக்கு வருவது குறைவு. மேகம் மூடி, காற்றடங்கி, லேசாகத் தூறினால் யோகம்.

கொண்டுபோவது கொஞ்சம்தான்: அப்பாவின் பழைய நாலு முழ வேட்டி, கொடிக்கயிறு, துணிக் கிளிப், யுஎஸ்பியில் எரியும் புற ஊதா எல்இடி விளக்கு, 20,000 எம்ஏஎச் பவர்பேங்க். 125 வாட் பாதரச விளக்குக்கு ஆசைப்படாதீர்கள். சோக்கும் ஜெனரேட்டரும் யார் தூக்குவது? விமானத்தில் பவர்பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பொதுவாக 100 வாட்-மணி வரை விடுவார்கள். 20,000 என்றால் 74தான். என் 10 வாட் விளக்கு அதில் ஆறு மணி நேரம் ஓடும். ஒருமுறை மறந்துபோய்ப் பெரிய பெட்டியில் போட்டுவிட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அத்தனை பேர் பார்க்க வேட்டியும் கயிறுமாகப் பெட்டியைத் திறந்து காட்டினேன்.

வேட்டி பருத்தி என்பதால் பூச்சிக்குக் கால் பிடிக்கும். சலவைத்தூளில் வெண்மைக்காகச் சேர்ப்பது புற ஊதா பட்டால் நீலமாக மின்னும், அதுவும் நமக்கு லாபம். விளக்கை நேராகப் பார்க்காதீர்கள். காதில் பஞ்சு வையுங்கள். வண்டு உள்ளே போனால் வேடிக்கையாக இருக்காது. விடுதிக்காரரிடமும் காவலாளியிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நடுராத்திரியில் ஊதா வெளிச்சம் தெரிந்தால் யாருக்குத்தான் பயம் வராது?

இருட்டியதும், ஏழரை மணிவாக்கில் ஏற்றிவிடுவேன். சின்னதுகள் முதலில் வரும். அட்லஸ் அந்துப்பூச்சி மாதிரி பெரியதுகளைப் பார்க்க நள்ளிரவு தாண்டியும் விழித்திருக்க வேண்டும். அட்லஸுக்குத் தின்ன உதவும் வாயே கிடையாது. புழுவாக இருந்தபோது தின்றதை வைத்தே நாளைக் கடத்தும்.

நான் கோட்டை விட்டது கேமரா கடிகாரத்தில். மலேசியா நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். மாற்றாமல் விட்டதால், 1.10க்கு வந்த அட்லஸ் முந்தைய நாள் இரவு 10.40 என்று பதிவாகிவிட்டது. அந்த வருடப் படங்களில் பாதிக்குத் தேதியே தப்பு. இப்போது விமானம் இறங்கியதும் முதல் வேலை கடிகாரம்தான். குறிப்பேட்டிலும் ஒற்றைத் தேதி எழுதுவதில்லை. ‘12–13 இரவு’ என்றுதான் எழுதுவேன். கூடவே ஜிபிஎஸ், உயரம், விளக்கின் வகை, ஏற்றிய நேரம், அணைத்த நேரம், மழை. அழகானதை மட்டும் படமெடுக்காதீர்கள். பழுப்பாக ஒரே மாதிரி நாற்பது வந்திருந்தால் நாற்பது என்று எழுதுங்கள். ஒன்றுமே வராத இரவையும் எழுதுங்கள். படத்தில் ஓரமாக ஒரு அளவுகோல் இருக்கட்டும். அனுமதியில்லாமல் ஒரு இறக்கையைக்கூட ஊருக்குக் கொண்டுவராதீர்கள்.

வெளுக்கும் முன் விளக்கை அணைத்து, வேட்டியில் உட்கார்ந்திருப்பவற்றை மெல்லப் புதருக்குள் விட்டுவிட வேண்டும். அங்கே துடுப்புவால் கரிச்சான் குருவிகளுக்கு விளக்கடியில் தீனி கிடைக்கும் என்று தெரியும். முதல் வருடம் ஏழு மணிக்கு எழுந்து வந்தேன். வேட்டிக்குக் கீழே வெறும் இறக்கைகள். பொறுக்கி, அடையாளம் தெரிந்தவரை எண்ணி, ‘கரிச்சான் தின்றது’ என்று எழுதி வைத்தேன்.