வெளிமாநில அரசுப் பல்கலைக்கழகம்: பிள்ளையின் வாய்ப்பை எங்கே தப்பாகக் கணிக்கிறோம்?

அக்டோபர் வந்துவிட்டால், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் அமெரிக்கத் தமிழ் வீடுகளில் இந்தக் கேள்வி கிளம்பிவிடும்: "எஸ்ஏடி 1520, ஜிபிஏ 4.4. சேப்பல் ஹில் கிடைக்குமா?" (எஸ்ஏடி கல்லூரிச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வு, ஜிபிஏ பள்ளி மதிப்பெண்களின் சராசரிப் புள்ளி.) நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டிலும் போன வருடம் இதே பேச்சுதான். மதிப்பெண்ணைச் சொல்கிறோம், எந்த மாநிலத்தில் இருந்துகொண்டு கேட்கிறோம் என்பதைச் சொல்வதில்லை. அரசுப் பல்கலைக்கழகத்தைப் பொறுத்தவரை வீட்டு முகவரிதான் பாதிக் கதை.

எல்லோரும் செய்யும் தவறு, மொத்த அட்மிட் ரேட்டை, அதாவது விண்ணப்பித்தவர்களில் இடம் கிடைப்பவர்களின் சதவீதத்தை, அப்படியே பிள்ளையின் வாய்ப்பாக எடுத்துக்கொள்வது. சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்தில் இந்த விகிதம் அண்மை ஆண்டுகளில் 15 முதல் 19 சதவீதம். ஆனால் அப்படி ஒரே வரிசை அங்கே இல்லை. உள்மாநிலப் பிள்ளைகளில் பத்துக்கு ஏறக்குறைய நான்கு பேருக்கு இடம் கிடைக்கிறது. வெளியிலிருந்து விண்ணப்பிப்பவர்களில் பத்துக்கு ஒருவர்கூடத் தேறுவதில்லை. காரணம், புதிதாகச் சேரும் மாணவர்களில் வெளியார் 18 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 1986 முதல் இருக்கும் விதி. மற்ற 49 மாநிலங்களும் வெளிநாடுகளும் அந்தப் பதினெட்டுக்குள்தான் முட்டிக்கொள்ள வேண்டும்.

அந்த 18-ஐயே வாய்ப்பு என்று நினைத்துக்கொள்பவர்களும் உண்டு. அது நூறு இருக்கைகளில் வெளியார் உட்காரக்கூடிய எண்ணிக்கை. அதற்கு எத்தனை பேர் போட்டி போடுகிறார்கள் என்பது தனிக் கணக்கு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இப்படி உச்சவரம்பு கிடையாது, இளநிலை மாணவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் வெளியிலிருந்து வருபவர்கள். அப்படியிருந்தும், வெளியே இருந்து குவியும் விண்ணப்பங்களால் அவர்களுக்கான விகிதம் உள்ளூர்ப் பிள்ளைகளுடையதைவிடக் குறைவு.

டெக்சஸில் கதை வேறு. ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் 90 சதவீத இடம் டெக்சஸ்காரர்களுக்கு. அதிலும் பெரும்பகுதி, பள்ளியில் முதல் 5 சதவீதத்துக்குள் வந்த அந்த மாநிலப் பிள்ளைகளுக்குத் தானாகவே போய்விடுகிறது (2026 சேர்க்கைக்கு முன் இது 6 சதவீதம்). நம் பிள்ளை பள்ளியிலேயே முதலாவதாக வந்திருந்தாலும் வெளிமாநிலப் பள்ளி என்றால் இந்தச் சலுகை இல்லை.

ஜிபிஏ விஷயத்தில்தான் நாங்களே அதிகம் ஏமாந்திருப்போம். கலிபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகமான யூசியின் வளாகங்கள் பள்ளி போட்டுத்தரும் ஜிபிஏவை எடுத்துக்கொள்வதில்லை, தங்கள் முறையில் மறுபடி கணக்கிடுகின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் மகளின் டிரான்ஸ்கிரிப்டை (பள்ளி மதிப்பெண் பதிவை) விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்களைப் பென்சிலால் அடித்தோம். பத்தும் பதினொன்றும்தான் கணக்கு. ஏ மைனஸும் அங்கே ஏதான் என்பதில் கொஞ்சம் சந்தோஷம். அடுத்தது ஆனர்ஸ் பாடங்கள், அதாவது வழக்கமானதைவிடக் கடினமான பாடங்கள். எங்கள் பள்ளி அவற்றுக்குக் கூடுதல் புள்ளி கொடுத்திருந்தது. ஆனால் வெளிமாநில மாணவர்களுக்கு ஏபி, ஐபி என்ற உயர்நிலைப் பாடத்திட்டங்களின் பாடங்களுக்கு மட்டும்தான் யூசி அந்தப் புள்ளியைத் தருகிறது, அதுவும் எட்டு செமஸ்டர் வரைக்கும்தான். ஆனர்ஸ் கெமிஸ்ட்ரி, ஆனர்ஸ் ஆங்கிலம் எல்லாம் சாதாரண ஏ ஆகிவிட்டன. 4.4 இருந்த இடத்தில் 4.1 வந்து நின்றது. மகள் அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுடைய எஸ்ஏடி மதிப்பெண்ணை அங்கே பார்ப்பதே இல்லை என்பதையும் அன்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. விண்ணப்பிக்கவே கலிபோர்னியா மாணவருக்கு 3.0 போதும், நமக்கு 3.4 வேண்டும்.

எஸ்ஏடி பார்க்கும் இடங்களிலும் ஒரு கண்ணி உண்டு. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் வருடாவருடம் வெளியிடும் 'காமன் டேட்டா செட்' ஆவணத்தில் சி9 என்ற பகுதியைப் பாருங்கள். அங்குள்ள மதிப்பெண் எல்லை (எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்பது), சேர்ந்தவர்களில் மதிப்பெண் அனுப்பியவர்களுடையது மட்டுமே. எத்தனை சதவீதம் பேர் அனுப்பினார்கள் என்பதும் பக்கத்திலேயே இருக்கும். பாதிப்பேர்கூட அனுப்பாத இடத்தில் அந்த எல்லை உண்மையைவிட உயரமாகத் தெரியும். உள்மாநிலம், வெளிமாநிலம் எல்லாம் அதில் ஒன்றாகக் கலந்துதான் கிடக்கும். எல்லைக்குள் வந்துவிட்டோம் என்று நிம்மதியடைய அதில் ஒன்றுமில்லை.

மேஜரை, அதாவது பிள்ளை எடுக்கப்போகும் முதன்மைப் பாடத்தை, மறந்துவிடாதீர்கள். நம் வீடுகளில் கம்ப்யூட்டர் சயன்ஸ்தான் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இல்லினாய் அர்பானா-ஷாம்பெய்னில் மொத்தமாக நூறில் ஏறக்குறைய நாற்பது பேருக்கு இடம் கிடைக்கும், கம்ப்யூட்டர் சயன்ஸில் அது ஒற்றை இலக்கம். "எளிதான மேஜரில் நுழைந்துவிட்டு அப்புறம் மாறிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால், மாறும் விதியை அந்தத் துறையின் பக்கத்திலேயே படித்துவிட்டு முடிவெடுங்கள். பல இடங்களில் அந்தக் கதவு ஏறக்குறைய மூடியே இருக்கிறது.

இன்னொன்று: குடியுரிமையும் மாநில வசிப்பும் ஒன்றல்ல. அமெரிக்கப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு பெற்றோருடன் சென்னையில் படிக்கும் பிள்ளை, பொதுவாக எந்த மாநிலத்துக்கும் உள்ளூர்ப் பிள்ளை ஆகாது.

செலவையும் வாய்ப்போடு சேர்த்தே பாருங்கள். 2025-26ல் யூசியில் புதிதாகச் சேரும் வெளிமாநிலத்தவர் வழக்கமான கட்டணத்துக்கு மேல் ஆண்டுக்கு 37,000 டாலருக்கும் அதிகமாகக் கட்ட வேண்டும். சேப்பல் ஹில்லும் வர்ஜீனியா பல்கலைக்கழகமும் வெளிமாநில அமெரிக்க மாணவர்களின் தேவைக்கேற்ற உதவியை முழுமையாகத் தருகின்றன. எல்லா அரசுப் பல்கலைக்கழகங்களும் அப்படியில்லை.

அந்த ஞாயிறு மாலை மகள் தன் பட்டியலில் மூன்று பெயர்களை 'டார்கெட்' (கிடைக்கக்கூடியவை) பத்தியிலிருந்து 'ரீச்' (கிடைப்பது கடினம்) பத்திக்கு நகர்த்தினாள். ஒன்றையும் அழிக்கவில்லை. முதல் விண்ணப்பக் கட்டுரையை மட்டும் எங்கள் மாநில அரசுப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸுக்கு எழுதத் தொடங்கினாள்.