பீக்கனைக் கட்டிக்கொண்டால் மட்டும் போதாது

காஷ்மீரின் குல்மார்க்கில் கொண்டோலா என்ற கேபிள் காரின் இரண்டாம் கட்டத்தில் ஏறி அஃபர்வத் மலையில் இறங்கினால், ரோந்துக் குழு கண்காணிக்கும் சரிவை விட்டு விலகிப் போக சில நிமிடம் போதும். 2023 பிப்ரவரி 1 அன்று அந்த மலையில் பனிச்சரிவில் சிக்கி போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியிலும் குல்மார்க்கில் ஒரு ரஷ்யரின் உயிர் போனது. அங்கே பனியில் சறுக்கப் போகிறவர்கள், புதைந்தால் இருக்கும் இடத்தைக் காட்ட சிக்னல் அனுப்பும் கருவியான பீக்கனை வாடகைக்கு வாங்கி, பட்டையை இறுக்கிவிட்டு, இனிக் கவலையில்லை என்று கிளம்புவதைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது.

அந்தக் கருவி பனிச்சரிவைத் தடுக்காது. 457 கிலோஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் விட்டுவிட்டுத் துடிக்கும், அவ்வளவுதான். அந்தத் துடிப்பைப் பிடித்து உங்களைத் தோண்டி எடுக்க வேண்டியது கூட வந்தவர்கள். முதல் 10 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள். அரை மணி தாண்டினால் நம்பிக்கை மெலிந்துவிடும். மீட்புக் குழு கீழிருந்து வந்து சேரும் நேரம் அது இல்லை. அதனால் குழுவில் ஒவ்வொருவரிடமும் பீக்கன், பனியில் குத்தித் தேடும் மடக்கு கம்பியான ப்ரோப், பனியை வாரும் அலுமினிய ஷவல் மூன்றும் இருக்க வேண்டும்.

பீக்கனைப் பைக்குள் போடாதீர்கள். பனி பையைப் பிய்த்துக்கொண்டு போகும். மேல் ஜாக்கெட்டுக்கு உள்ளே உடம்போடு கட்டுங்கள். செல்போன், கேமரா, சூடேற்றும் கையுறை எல்லாம் சிக்னலைக் குழப்பும். சாதாரணமாக 20 சென்டிமீட்டர், தேடும்போது 50 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும். பேட்டரி விஷயத்தில் கருவியின் கையேடு சொல்லும் வகையை மட்டும் போடுங்கள். கிளம்பும் இடத்தில் ஒருவர் நின்று, மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கடந்து போக, எல்லாக் கருவியும் சிக்னல் அனுப்புகிறதா, பிடிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பனிச்சரிவு நடந்த பிறகு அதிகம் நடக்கும் தவறு: தேடாமல் நிற்பவரின் பீக்கன் இன்னும் சிக்னல் அனுப்பிக்கொண்டே இருப்பது. தேடுபவர் புதைந்தவரை விட்டுவிட்டு அவரை நோக்கிப் போவார். ஆகவே பனிக்கு மேலே இருக்கும் எல்லோரும் உடனே பீக்கனைத் தேடும் நிலைக்கு மாற்ற வேண்டும்.

அடுத்தது கடைசி 3 மீட்டர். பயிற்சியில் ஒரு பைக்குள் பீக்கனை வைத்துப் புதைத்துத் தேடினோம். தூரத்தை மீட்டரில் காட்டும் எண் 2.4 ஆனதும் நான் நின்றபடியே கருவியை இங்கும் அங்கும் திருப்பினேன். எண் ஏறி இறங்கி, பை மட்டும் கிடைக்கவே இல்லை. பயிற்றுநர் என்னை முட்டி போட வைத்தார். கருவி பனியை உரசுகிற அளவுக்குத் தாழ்த்தி, திசை மாற்றாமல், மெதுவாக ஒரே கோட்டில் நகர்த்த வேண்டும். எண் மிகக் குறைந்த இடத்துக்குத் திரும்பி, அங்கிருந்து குறுக்கே இன்னொரு கோடு. அப்படிச் செய்ததும் 0.9 என்று வந்து நின்றது. அங்கே ப்ரோப்பைச் சரிவுக்குச் செங்குத்தாக இறக்கி, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சுற்றிச் சுற்றிக் குத்திக்கொண்டு போனால் தட்டுப்படும்.

தட்டுப்பட்டதும் ப்ரோப்பைப் பிடுங்கிவிடாதீர்கள், அதுதான் அடையாளம். அதற்கு நேர் மேலே நின்றும் தோண்டாதீர்கள். உங்கள் பாரம் அடியில் கிடப்பவரின் மூச்சு வெளியை அழுத்தும். ஆழம் 1 மீட்டர் என்றால் சரிவில் 1.5 மீட்டர் கீழே இறங்கி நின்று, பக்கவாட்டாகப் பனியை வெட்டி வெளியே தள்ளிக்கொண்டே முன்னேறுங்கள். முகம் தெரிந்ததும் முதலில் வாயிலும் மூக்கிலும் அடைத்த பனியை விரலால் எடுங்கள்.