அனுமதிப்பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்: பீலித் தண்ணீர் கலங்கினால் என்ன செய்வது?

இலங்கை மலையகத்தில் லயங்களிலும் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) கிராமங்களிலும் இருக்கும் பெரும்பாலான குடும்பங்கள் குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாவற்றுக்கும் மலையிலிருந்து இறங்கிப் பீலியில் (திறந்த குழாய்வாயில்) விழும் தண்ணீரையே நம்பியிருக்கின்றன. மேல் கணக்குப் பக்கம் (தோட்டத்தின் மேல் பிரிவில்) ஒரு கல்குவாரியோ, ஹோட்டலோ, பன்றிப் பண்ணையோ, வாகனம் கழுவும் இடமோ வந்தால், அதன் கழிவு முதலில் தெரிவது பணிய கணக்குப் (கீழ்ப் பிரிவு) பீலியில்தான். உடனே ஒரு மனு எழுதுகிறோம். "தண்ணீர் அசுத்தமாகிறது, தயவுசெய்து நடவடிக்கை எடுக்கவும்" என்று போட்டு, லயம் முழுக்கக் கையெழுத்து வாங்கி அனுப்புகிறோம். அதன்பிறகு ஒன்றும் நடப்பதில்லை.

இத்தனைக்கும் மனுவில் இருப்பது பொய்யல்ல. ஆனால் அதைப் படிக்கும் அதிகாரிக்குச் சரிபார்க்க ஒன்றும் கிடைப்பதில்லை. எந்த இடம், எந்த நிபந்தனை, எந்த நேரம் என்று எதுவும் அதில் இருக்காது. அனுமதி பெற்று நடக்கும் ஒவ்வொரு தொழிலுக்கும் ஏதோ ஓர் அலுவலகத்தில் ஒரு கோப்பு இருக்கிறது. அந்தக் கோப்போடு கட்டிப்போட்டு எழுதப்படும் முறைப்பாட்டை ஒதுக்கிவைப்பது கஷ்டம். அதை எப்படி எழுதுவது என்பதை இதுவரை செய்து பழக்கமில்லாதவர்களுக்காகப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில், ஒரு நல்ல பதிவேடு எப்படி இருக்கும் என்று பாருங்கள்

அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 2002 இல் 'எக்கோ' என்ற இணையத் தரவுத்தளத்தைத் திறந்தது. 'எக்கோ ஈபிஏ' என்று கூகுளில் தேடினாலே வந்துவிடும். அங்கே உள்ள ஒரு தொழிற்சாலையின் பெயரைத் தட்டினால், அதற்கு என்னென்ன அனுமதிகள் இருக்கின்றன, கடைசியாக எப்போது ஆய்வு நடந்தது, கடந்த மூன்று ஆண்டுகளில் எந்தக் காலாண்டில் சட்டத்தை மீறியது, ஐந்து ஆண்டுகளில் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது, எவ்வளவு தண்டம் விதிக்கப்பட்டது என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் கிடைக்கும். பதிவில் பிழை இருந்தால் அதைச் சுட்டிக்காட்டவும் வழி வைத்திருக்கிறார்கள். பொதுமக்கள் அனுப்பும் அந்தக் குறிப்பு, தரவைப் பதிந்த அலுவலகத்துக்கே போய்ச் சேரும்.

நம் ஊர் விஷயத்துக்கு அமெரிக்கத் தளம் எதற்கு? என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான். அனுமதி, நிபந்தனை, ஆய்வுத் திகதி, பரிசோதனை முடிவு, மீறல், நடவடிக்கை ஆகிய ஆறையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். நாம் கேட்டு வாங்கப் போவதும் இவற்றைத்தான்.

கோப்பு யாரிடம் இருக்கிறது?

1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், குறித்த சில தொழில்களை நடத்துவதற்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் கட்டாயம். தொழில்களை ஏ, பி, சி என்று மூன்று பட்டியல்களாக வர்த்தமானியில் பிரித்திருக்கிறார்கள். அதிகம் மாசு உண்டாக்கக்கூடியவை ஏ பட்டியலில் வரும். சிறிய தொழில்கள் சி பட்டியலில் வரும், அவற்றுக்கு அனுமதி கொடுப்பது உங்கள் பிரதேச சபை, நகர சபை அல்லது மாநகர சபை. மற்ற இரண்டையும் மத்திய சுற்றாடல் அதிகாரசபை பார்க்கிறது. அதற்கு மாவட்ட அலுவலகங்கள் உண்டு. கல்குவாரி என்றால் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதியும் வேண்டும், ஆகவே அங்கே இன்னொரு கோப்பு இருக்கும்.

நுவரெலியா மாவட்டத்தில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2018 உள்ளூராட்சித் தேர்தலோடு அம்பகமுவ பிரதேச சபை பிரிந்து நோர்வூட், மஸ்கெலியா சபைகளும், நுவரெலியா பிரதேச சபை பிரிந்து கொட்டகலை, அக்கரபத்தனை சபைகளும் வந்தன. அதற்கு முந்திய கோப்பு பழைய சபையிலேயே கிடக்கலாம். சந்தேகம் இருந்தால் இரண்டு சபைகளிடமும் கேளுங்கள்.

பிரதியைக் கேட்டு வாங்குவது

இந்த வேலையின் பாதி இதில்தான் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வொரு அரச அலுவலகத்திலும் ஒரு தகவல் அலுவலர் இருக்க வேண்டும். அவருக்கு இப்படி எழுதுங்கள்:

"(இடம்) இல் இயங்கும் (நிறுவனத்தின் பெயர்) என்ற நிறுவனத்திற்கு வழங்கப்பட்ட சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரத்தின் பிரதி, அதனுடன் இணைந்த நிபந்தனைகள், கடந்த மூன்று ஆண்டுகளில் செய்த கள ஆய்வுகளின் திகதிகளும் அறிக்கைகளும், கழிவுநீர்ப் பரிசோதனை முடிவுகள், அனுப்பிய எச்சரிக்கைக் கடிதங்கள், கிடைத்த முறைப்பாடுகளும் அவற்றுக்கு எடுத்த நடவடிக்கையும் தேவை."

தமிழில் எழுதலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை, கேட்டாலும் சொல்ல வேண்டாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அதை எழுதிக்கொள்வது அலுவலரின் கடமை. கொடுத்ததற்கான அத்தாட்சியை வாங்காமல் வராதீர்கள்.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒரு பயம் இருக்கும். வீடும் வேலையும் ஒரே இடத்தில் இருக்கும்போது தனி ஆளாகப் பெயர் கொடுக்கத் தயங்குவது நியாயம்தான். அதற்கு இந்தச் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினராவது இலங்கைப் பிரஜைகளாக இருந்தால், ஒரு சங்கமும் விண்ணப்பிக்கலாம். பதிவு செய்யாத சங்கமாக இருந்தாலும் பரவாயில்லை. இளைஞர் கழகம், கோயில் பரிபாலன சபை, மாதர் சங்கம் எதுவானாலும் சரி. தனியாக மாட்டிக்கொள்வோமோ என்ற தயக்கம் இருந்தால் சங்கத்தின் பெயரிலேயே போடுங்கள்.

தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தகவலைக் கொடுப்பதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். கொடுப்பதாக இருந்தால் அடுத்த 14 நாட்களில் தர வேண்டும். விஷயம் பெரிதாக இருந்தால் இன்னும் 21 நாட்கள் வரை நீட்டலாம். மறுத்தால், அல்லது பதிலே வராவிட்டால், அதே அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு (மேன்முறையீட்டைக் கேட்க நியமிக்கப்பட்டவர்) 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யுங்கள். அவர் மூன்று வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்குப் போகலாம். 'வியாபார ரகசியம்' என்று சொல்லி மறுத்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். பொதுமக்களின் நலன் பெரிதாக இருக்கும் இடத்தில் தகவலைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டத்தின் 5 ஆம் பிரிவே சொல்கிறது. மேன்முறையீட்டில் அதைக் குறிப்பிடுங்கள்.

வந்த தாள்களைப் படிப்பது

முதலில் அனுமதிப்பத்திரம் எந்தத் திகதி வரை செல்லும் என்று பாருங்கள். காலாவதியான அனுமதியில் தொழில் நடந்தால், அதுவே முதல் முறைப்பாடு. அடுத்தது எண்கள். ஆறு, ஓடைகளில் விடும் கழிவுநீருக்கு 2008 வர்த்தமானி சொல்லும் பொது எல்லைகளில் சில: பிஓடி (தண்ணீரில் உள்ள அழுகும் கழிவைக் காட்டும் அளவு) லீற்றருக்கு 30 மில்லிகிராம், தண்ணீரில் கரையாமல் கலந்திருக்கும் திண்மம் 50 மில்லிகிராம், எண்ணெயும் கிரீசும் 10 மில்லிகிராம், பிஎச் (அமில, காரத் தன்மை) 6.0 முதல் 8.5 வரை. பரிசோதனை முடிவை இவற்றின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தனிப்பட்ட தொழில்களுக்கு வேறு எல்லை இருக்கலாம், அதனால் அனுமதிப்பத்திரத்தில் எழுதியிருப்பதையே முதலில் எடுங்கள்.

"மீறல் எதுவும் பதிவாகவில்லை" என்று பதில் வந்தால், கூடவே கடைசி ஆய்வு எப்போது நடந்தது என்று பாருங்கள். மூன்று வருடமாக யாரும் போய்ப் பார்க்காத இடத்தில் மீறல் எப்படிப் பதிவாகும்? எக்கோவைப் பார்ப்பவர்களும் இதே இடத்தில்தான் ஏமாறுவார்கள்.

பிறகு, நீங்களே கண்ணால் சரிபார்க்கக்கூடிய நிபந்தனைகளைப் பொறுக்கி எடுங்கள். ஓர் உதாரணம் தலவாக்கலையிலேயே இருக்கிறது. 2012 இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தில், சென் கிளையார் நீர்வீழ்ச்சிக்குப் பகலில் தண்ணீர் விட வேண்டும் என்று ஏற்பாடு இருக்கிறது. தண்ணீர் விழுகிறதா என்று பார்க்க எந்த ஆய்வுகூடமும் வேண்டாம், ஹட்டன் – நுவரெலியா பாதையில் நின்றாலே தெரியும். இப்படிப்பட்ட நிபந்தனைகள் உங்கள் தாள்களிலும் இருக்கும்: வெடி வைக்கும் நேரம், லொறி போகும் நேரம், தொட்டியின் மூடி, ஓடைக்கும் குழிக்கும் இடையில் விட வேண்டிய தூரம்.

உங்கள் பக்கத்துப் பதிவு

கொப்பியில் திகதி, நேரம், இடம், கண்டது என்று நான்கு நிரல்கள் போடுங்கள். போட்டோவில் பீலியும் பின்னால் ஓர் அடையாளமும் சேர்ந்து தெரியட்டும். தண்ணீர் தெளிவாக இருக்கும் நாளையும் எழுதுங்கள். அப்போதுதான் கலங்கும் நாளின் வித்தியாசம் புரியும். மழை பெய்த நாளைக் குறிக்காமல் விட்டால், "அது மழைத்தண்ணீர்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

வேலை தொடங்கும் முன்னரே இதைச் செய்தால் இன்னும் நல்லது. உமா ஓயா நீர்த் திட்டத்துக்குச் சுரங்கம் தோண்டியபோது பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. அப்படி ஒன்று நடந்தபிறகு கேட்கப்படும் கேள்வி, முன்பு எவ்வளவு தண்ணீர் இருந்தது என்பதுதான். இன்று எடுக்கும் ஒரு போட்டோ அதற்குப் பதில் சொல்லும்.

இப்போது எழுதுவோம்

ஒரு கடிதத்தில் ஒரு விஷயம் போதும். தூசி, சத்தம், தண்ணீர் மூன்றையும் ஒன்றாகப் போட்டால், சுலபமான ஒன்றுக்கு மட்டும் பதில் வரும். உதாரணமாக:

"அனுமதிப்பத்திர இலக்கம் …, நிபந்தனை 7: கழிவுநீரைத் தொட்டியில் தெளியவிட்ட பின்னரே வெளியேற்ற வேண்டும். மே 4, 11, 18 ஆகிய மழையில்லாத நாட்களில் காலை 6 மணிக்கும் 7 மணிக்கும் இடையில், தொட்டிக்குப் போகாத ஒரு குழாயிலிருந்து சாம்பல் நிறத் தண்ணீர் நேரே ஓடையில் விழுந்தது. போட்டோக்கள் இணைப்பு. அந்த நேரத்தில் வந்து பார்த்து, மாதிரி எடுத்துப் பரிசோதித்து, முடிவை எழுத்தில் தருமாறு கேட்கிறோம்."

'விஷம்', 'கொலை' போன்ற சொற்கள் வேண்டாம். கோபம் நியாயமானதாக இருக்கலாம், ஆனால் அந்தச் சொற்களை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். பதிவிலேயே பிழை இருந்தால், அதாவது ஓடையின் பெயர் மாறியிருந்தால், பக்கத்தில் லயம் இருப்பதே குறிப்பிடப்படாமல் இருந்தால், அதற்குத் தனிக் கடிதம் எழுதுங்கள். பக்கத்தில் குடியிருப்பு இல்லை என்று கோப்பில் இருக்கும்வரை அங்கே இருக்கும் குடும்பங்கள் யார் கணக்கிலும் வராது.

பெரிய திட்டமென்றால் தொடங்கும் முன்பே சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள். வர்த்தமானியிலும் தமிழ், சிங்கள, ஆங்கிலப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வரும். கருத்துச் சொல்ல 30 நாட்கள் உண்டு. அங்கேயும் இதே முறைதான்: பக்க எண், அதில் சொல்லியிருப்பது, நீங்கள் நேரில் கண்டது.

கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கொப்பியிலேயே ஒட்டி வையுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் அதே தகவல் அலுவலருக்கு இன்னொரு விண்ணப்பம் போடுங்கள்: "இந்தத் திகதியில் நாங்கள் அனுப்பிய கடிதத்திற்கு எடுத்த நடவடிக்கை என்ன, அதை இப்போது கையாள்பவரின் பதவி என்ன?"