நூறு கணினிகளுக்கு ஒரே மென்பொருள்: அனுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நூறு கணினிகள் உள்ள அலுவலகத்தில் ஒரு பிடிஎஃப் ரீடரைப் புதுப்பிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பென்டிரைவோடு மேசை மேசையாகப் போனால், கணினிக்குப் பதினைந்து நிமிடம் என்றாலும் 25 மணி நேரம் ஆகிவிடும். விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே ஆக்டிவ் டைரக்டரியில் (அலுவலகக் கணினிகளையும் பயனர்களையும் டொமைன் என்ற ஒரே அமைப்பாக நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் வசதி) இதற்கு ஒரு வழி இருக்கிறது. எம்எஸ்ஐ கோப்பை (விண்டோஸ் நிறுவல் கோப்பு) ஒரு ஷேரில் (நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டர்) வைத்து, குரூப் பாலிசியில் (ஒரே இடத்திலிருந்து பல கணினிகளுக்கு அமைப்புகளை அனுப்பும் வசதி) சேர்த்து, கணினிகள் இருக்கும் ஓயுவோடு (ஆக்டிவ் டைரக்டரியில் கணினிகளைப் பிரித்து வைக்கும் பிரிவு) அந்தப் பாலிசியை இணைத்துவிடலாம். தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

ஆனால் முதல்முறை செய்கிறவர்களில் பலருக்கு இது கைகொடுப்பதில்லை. "டபுள் கிளிக் செய்தால் இன்ஸ்டால் ஆகிறது, பாலிசியில் போட்டால் ஆகவில்லை" என்பார்கள். பெரும்பாலான தவறுகளின் வேர் இந்த வாக்கியத்திலேயே இருக்கிறது. டபுள் கிளிக் செய்தது நீங்கள். பாலிசி வழியாக நிறுவுவது நீங்கள் இல்லை. யாரும் லாகின் செய்யாத நேரத்தில் கணினி தானாகவே, சிஸ்டம் என்ற கணக்கில் நிறுவுகிறது. ஷேரில் கோப்பை எடுக்கப் போகும்போதும் கணினியின் பெயரில்தான் போகிறது. உங்கள் அட்மின் உரிமை, நீங்கள் மேப் செய்த டிரைவ், சேமித்து வைத்த பாஸ்வேர்டு எதுவும் அதற்குக் கிடையாது.

இதை மனதில் வைத்துக்கொண்டால் சில தவறுகள் உடனே பிடிபடும். சர்வரில் உட்கார்ந்து பாலிசி எழுதும்போது டி டிரைவில் இருக்கும் எம்எஸ்ஐயைத் தேர்ந்தெடுத்துவிடுவோம். பாலிசியில் அந்தப் பாதை அப்படியே பதிவாகும். அப்புறம் ஒவ்வொரு கணினியும் தன்னுடைய டி டிரைவில் போய்த் தேடும். சர்வர் பெயரோடு தொடங்கும் முழு நெட்வொர்க் பாதையைத்தான் கொடுக்க வேண்டும். அடுத்தது அனுமதி. ஷேர் பர்மிஷன் (நெட்வொர்க் வழியாக வருவோருக்கானது), என்டிஎஃப்எஸ் பர்மிஷன் (டிஸ்கில் இருக்கும் ஃபோல்டருக்கே உரியது) இரண்டிலும் 'டொமைன் கம்ப்யூட்டர்ஸ்' குழுவுக்கு ரீட் இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் கொடுத்துவிட்டு மறுநாள் முழுக்கத் தேடிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தேடிச் சலித்து, கடைசியில் 'எவ்ரிஒன், ஃபுல் கண்ட்ரோல்' என்று கொடுத்துவிடுவதும் உண்டு. தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். அந்த ஷேரில் இருக்கும் கோப்பு ஒவ்வொரு கணினியிலும் மிக உயர்ந்த உரிமையோடு ஓடப்போகிறது. யார் வேண்டுமானாலும் அதை மாற்றி வைக்கலாம் என்றால், மொத்த அலுவலகத்தின் சாவியையும் வாசலில் தொங்கவிட்டதாக அர்த்தம். ஸ்கிரிப்ட்டுக்குள் (கணினி தானாக ஓட்டும் கட்டளைக் கோப்பு) அட்மின் பாஸ்வேர்டை எழுதுவதும் இதே வகை. பாலிசியின் ஸ்கிரிப்ட்டுகள் இருக்கும் சிஸ்வால் ஃபோல்டரை டொமைனில் இருக்கும் எல்லோராலும் படிக்க முடியும்.

எம்எஸ்ஐ இல்லாமல் வெறும் இஎக்ஸ்இ (சாதாரண புரோகிராம் கோப்பு) மட்டும் இருந்தால், கணினி தொடங்கும்போது ஓடும் ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட் வழியாக ஓட்டுவோம். அந்த இஎக்ஸ்இ 'நெக்ஸ்ட்' அழுத்தச் சொல்லி ஒரு ஜன்னலைக் காட்டினால் அழுத்துவதற்கு அங்கே ஆள் இல்லை. ஸ்கிரிப்ட்டுக்கு விண்டோஸ் இயல்பாகத் தரும் 600 வினாடிகளும் அப்படியே போய்விடும். எதையும் கேட்காமல் நிறுவச் சொல்லும் சைலன்ட் சுவிட்ச் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிஸ்டம் கணக்கிலேயே ஓட்டிச் சோதிக்க மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் இருக்கும் பிஎஸ்எக்ஸெக் என்ற கருவி உதவும். உங்கள் லாகினில் நூறு முறை சோதிப்பதைவிட அதில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது மேல்.

சரி, எல்லாம் ஒழுங்காக இருந்தும் மென்பொருள் வரவில்லையா? எப்போது நிறுவுகிறது என்பதைக் கவனியுங்கள். குரூப் பாலிசி ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். மென்பொருள் நிறுவல் மட்டும் அப்போது நடக்காது. கணினி தொடங்கும்போதுதான் நடக்கும். அதிலும் விண்டோஸ் எக்ஸ்பி முதல், சீக்கிரம் திரையைக் காட்டுவதற்காக நெட்வொர்க் வருவதற்கு முன்பே லாகினுக்குப் போய்விடும் வழக்கம் இருக்கிறது. விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் 1274 என்ற எண் தெரிந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். தொடக்கத்தில் நெட்வொர்க்குக்காகக் காத்திருக்கச் சொல்லும் பாலிசி ஒன்று உண்டு. அதை இயக்கிவிடுங்கள்.

இன்னொன்று, விண்டோஸ் 8-இல் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். மாலையில் ஷட் டவுன் செய்து காலையில் பவர் பட்டனை அழுத்தினால் அது முழுமையான தொடக்கம் இல்லை. பாதி உறக்கத்திலிருந்து எழுவது மாதிரிதான். "சார், ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன்" என்று ஊழியர் சொல்வது உண்மைதான். அவரைச் சந்தேகிக்க வேண்டாம். ரீஸ்டார்ட் கொடுக்கச் சொல்லுங்கள், அல்லது அந்த வசதியையே பாலிசியில் நிறுத்திவிடுங்கள்.

மென்பொருள் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க ஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கு இரண்டு விஷயங்கள். எம்எஸ்ஐ தரும் முடிவு எண் 0 இல்லை என்றாலே தோல்வி என்று எழுதிவிடாதீர்கள். 3010 என்றால் வெற்றிதான், ரீஸ்டார்ட் மட்டும் பாக்கி. 1618 என்றால் வேறு ஏதோ நிறுவல் ஓடிக்கொண்டிருக்கிறது, பிறகு முயலலாம். அடுத்து, விண்32 புராடக்ட் என்ற டபிள்யூஎம்ஐ (கணினியைப் பற்றிய தகவல் தரும் விண்டோஸ் வசதி) வகுப்பைக் கேட்டுப் பட்டியல் எடுக்காதீர்கள். கேட்ட மாத்திரத்தில் அது கணினியில் இருக்கும் எம்எஸ்ஐ மென்பொருள் ஒவ்வொன்றையும் சரிபார்க்கத் தொடங்கிவிடும். கணினி திணறும். ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடம்) அன்இன்ஸ்டால் பகுதியைப் படித்தாலே போதும்.

இனி நான் அதிகம் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். முதல் நாளே எல்லாக் கணினிகளுக்கும் அனுப்புவது. 2014 மே மாதம் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில், விண்டோஸ் 7-ஐப் புதிதாக நிறுவும் பணி தவறுதலாக எல்லா விண்டோஸ் கணினிகளுக்கும் போய்விட்டது. மேசைக் கணினி, லேப்டாப், சர்வர் எல்லாம் அழிந்து ஃபார்மேட் ஆகத் தொடங்கின. அந்தப் பணியை அனுப்பிய எஸ்சிசிஎம் (பல கணினிகளுக்கு மென்பொருள் அனுப்பும் மைக்ரோசாஃப்ட் கருவி) சர்வரை அணைக்க ஓடினார்கள். அதற்குள் அந்தச் சர்வரே ஃபார்மேட் ஆகியிருந்தது. 2024 ஜூலை 19 அன்று கிரௌட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான கோப்பு 78 நிமிடத்தில் திரும்பப் பெறப்பட்டது. ஆனாலும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டன. அவற்றில் பெரும்பகுதியை நேரில் போய்க் கைப்படத்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது. பென்டிரைவோடு மேசை மேசையாக!

ஆகவே முதலில் ஐந்து கணினிகள். ஐடி பிரிவின் புதிய கணினிகளாக அவை இருக்கக் கூடாது. அலுவலகத்திலேயே பழைய கணினி ஒன்று, கணக்குப் பிரிவில் டாலி ஓடுவது ஒன்று, ரிசப்ஷனில் இரண்டு பிரிண்டர் மாட்டியது ஒன்று என்று எடுங்கள். அவற்றை ஒரு செக்யூரிட்டி குழுவில் போட்டு, பாலிசியை அந்தக் குழுவுக்கு மட்டும் விடுங்கள். குழுவில் சேர்த்தபின் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால்தான் தான் உறுப்பினர் என்பது கணினிக்குத் தெரியும். இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு ஐம்பதாக்குங்கள். நூறு கணினிகள் திங்கள் காலை ஒன்பதரைக்கு 300 எம்பி கோப்பை ஒன்றாக இழுத்தால் மொத்தம் 30 ஜிபி. கிளை அலுவலகத்தின் இணைப்பு அதைத் தாங்காது. வேகம் 500 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே இருந்தால் விண்டோஸ் மென்பொருள் நிறுவலையே விட்டுவிடும். கிளைகளுக்கு அங்கேயே ஒரு பிரதி வையுங்கள்.

பாலிசியின் எல்லையை விட்டு வெளியே போனால் நீக்கிவிடு என்று ஒரு டிக் பெட்டி இருக்கும். அதைப் போட்டுவிட்டு மறந்தால், கணினியை வேறு ஓயுவுக்கு நகர்த்திய அடுத்த ரீஸ்டார்ட்டில் மென்பொருள் காணாமல் போகும். மாத இறுதியில் கணக்குப் பிரிவில் இப்படி ஆனால் என்ன பாடு என்று சொல்லவே வேண்டாம்.

வேலை முடிந்ததும் ஷேரைச் சுத்தம் செய்துவிடாதீர்கள். பல மாதம் கழித்து அந்த மென்பொருள் தன்னைப் பழுதுபார்க்க நினைத்தால், நிறுவிய அதே பாதையில்தான் எம்எஸ்ஐயைத் தேடும். அங்கே கோப்பு இல்லையென்றால் ஊழியரிடம் "மூலக் கோப்பைக் கொடு" என்று கேட்கும். நீக்குவதுகூடச் சில சமயம் தடைப்படும். சர்வரின் பெயர் மாறினாலும் இதே கதைதான். அதனால் முதல் நாளே டிஎஃப்எஸ் பெயர்வெளியில் (உண்மையான சர்வரின் பெயர் தெரியாமல் ஒரு பொதுப் பாதையைத் தரும் விண்டோஸ் வசதி) ஒரு பாதை அமைத்து அதையே பாலிசியில் கொடுங்கள். பின்னால் இருக்கும் சர்வர் எத்தனை முறை மாறினாலும், கணினிகள் தேடும் இடம் மாறாது.