தைராய்டு மாத்திரையைக் கூட்டும் முன் அட்ரீனலைப் பாருங்கள்

ஹாஷிமோட்டோ (உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டைத் தாக்கும் நோய்) உள்ளவர் லெவோதைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரையைத் தொடங்குகிறார், அல்லது அளவைக் கூட்டுகிறார். சில வாரங்களில் சோர்வு குறையவில்லை, ஏறுகிறது. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, காலையில் குமட்டுகிறது, எடை இறங்குகிறது, உப்பைத் தேடி நாக்கு அலைகிறது. இந்த நிலையில் மாத்திரையை இன்னும் கூட்டக் கூடாது. அட்ரீனல் சுரப்பியைச் சோதிக்க வேண்டும்.

தைராய்டைத் தாக்கும் அதே தன்னெதிர்ப்பு, சிலருக்குச் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனலையும் தாக்கும். அப்படி அட்ரீனல் செயலிழப்பதுதான் அடிசன் நோய். இரண்டும் ஒருவருக்கே வருவதை ஷ்மிட் என்ற மருத்துவர் 1926-இலேயே விவரித்தார். ஹாஷிமோட்டோ உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இது வராது. வந்து, கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. தைராய்டு ஹார்மோன் ஏறும்போது உடல், அட்ரீனல் சுரக்கும் கார்ட்டிசால் ஹார்மோனை வேகமாகச் சிதைக்கும். நல்ல அட்ரீனல் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டும், பழுதானதால் முடியாது. இரண்டு குறையும் இருந்தால் முதலில் ஸ்டீராய்டு (கார்ட்டிசாலுக்கு மாற்று மருந்து), பிறகே தைராய்டு மாத்திரை என்று மருத்துவர்கள் வரிசை வைப்பது இதனால்தான். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்த வேண்டாம். சீக்கிரம் மருத்துவரைப் பாருங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். டி.எஸ்.எச். என்பது மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டைத் தூண்ட அனுப்பும் ஹார்மோன்; தைராய்டு குறைந்தால் ஏறும். ஆனால் கார்ட்டிசால் குறைந்தாலே அது லேசாக ஏறும். ஸ்டீராய்டு கொடுத்ததும் அது தானாக இறங்கிவிடுவதுண்டு.

வீட்டிலேயே பார்க்கக்கூடியவை

உள்ளங்கையை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். ரேகைகள் சுற்றியுள்ள தோலைவிடக் கருத்திருக்கின்றனவா? ஈறில், உதட்டின் உள்பக்கம், புதுத் தழும்புகளில் கருப்பு ஏறியிருக்கிறதா? மாநிறமோ கருநிறமோ உள்ளவர்களுக்கு ரேகையும் ஈறும் இயல்பிலேயே கருத்திருக்கலாம். எனவே நிறத்தைவிட மாற்றம்தான் முக்கியம். ஓரிரு வருடத்துக்கு முந்தைய போட்டோவோடு ஒப்பிடுங்கள். அடுத்து ரத்த அழுத்தம். ஐந்து நிமிடம் படுத்திருந்து ஒருமுறை, எழுந்து நின்று ஒன்றாவது, மூன்றாவது நிமிடங்களில் மறுபடி அளவெடுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள். டைப் 1 சர்க்கரை நோயும் உள்ளவருக்குக் காரணமில்லாமல் இன்சுலின் தேவை குறைந்தாலும் அது ஒரு தடயம்.

ரத்தம் கொடுக்கும் முன்

முடிவுகள் தவறாக வருவது பெரும்பாலும் இங்கேதான். முடி, நகத்துக்கென்று பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிடுகிறீர்களா? பல லேப்களின் பரிசோதனை முறையில் அது கார்ட்டிசாலைக் கூட்டியும் ஏ.சி.டி.எச்.-ஐக் (பிட்யூட்டரி அட்ரீனலைத் தூண்ட அனுப்பும் ஹார்மோன், அடிசனில் ஏறுவது) குறைத்தும் காட்டும், அதாவது அடிசன் நோயை அப்படியே மூடி மறைக்கும். டி.எஸ்.எச்.-ஐயும் குறைத்துக் காட்டும். குறைந்தது இரண்டு நாள், அதிக டோஸ் என்றால் இன்னும் கூடுதல் நாள் நிறுத்துங்கள். ஈஸ்ட்ரஜன் உள்ள மாத்திரைகளும் கர்ப்பமும் கார்ட்டிசாலைச் சுமக்கும் புரதத்தைக் கூட்டுவதால் மொத்த அளவு பொய்யாக உயரும். மாத்திரையை ஆறு வாரம் நிறுத்தித்தான் பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஸ்டீராய்டை எந்த வடிவில் எடுத்திருந்தாலும் சொல்லுங்கள்: மாத்திரை, இன்ஹேலர், மூக்கு ஸ்பிரே, தோல் களிம்பு, மூட்டு ஊசி எல்லாம் கணக்கு. எதுவென்றே தெரியாத ‘மூட்டுவலிப் பொடி’யையும் மறைக்காதீர்கள், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். இவை அட்ரீனலைத் தூங்கவைக்கும். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு போதாக்குறைக்கு கார்ட்டிசாலாகவே லேபில் பதிவாகலாம். ஆனால் நெடுநாள் எடுத்துவரும் ஸ்டீராய்டைப் பரிசோதனைக்காகத் திடீரென நிறுத்தாதீர்கள், அது ஆபத்து.

எந்தப் பரிசோதனை

காலை 8 முதல் 9 மணிக்குள் கார்ட்டிசால், ஏ.சி.டி.எச்., சோடியம், பொட்டாசியம், குளுக்கோஸ், ரெனின், ஆல்டோஸ்டிரோன் (கடைசி இரண்டும் உப்பையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுப்படுத்துபவை). கார்ட்டிசால் விடியலில் உச்சத்தில் இருந்து மாலைக்குள் சரிந்துவிடும். பிற்பகலில் எடுத்த குறைந்த எண்ணை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. இரவுப்பணி செய்பவர் தான் தூங்கி எழும் நேரத்தைச் சொல்ல வேண்டும். ஏ.சி.டி.எச். வெளியில் சீக்கிரம் சிதையும். ஊதா மூடிக் குழாயில் எடுத்து, உடனே ஐஸில் வைத்து, குளிர் சென்ட்ரிஃபியூஜில் சுற்ற வேண்டும். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றும் சேவை இதற்குச் சரிவராது. நேரே லேபுக்குப் போங்கள்.

கார்ட்டிசால் டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு ஏறக்குறைய உறுதி. 15-க்கு மேல் என்றால் பொதுவாக வாய்ப்பு குறைவு. நானோமோலில் வந்தால் 27.6-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். 5-க்குக் கீழ் இருந்து, ஏ.சி.டி.எச். இயல்பின் மேல் எல்லையைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டினால் பழுது அட்ரீனலில்தான். இரண்டுமே குறைவு என்றால் பிட்யூட்டரியையோ, எடுத்துக்கொண்ட ஸ்டீராய்டையோ சந்தேகிக்க வேண்டும். பிட்யூட்டரி பழுது என்றால் டி.எஸ்.எச்.-ஐ நம்ப முடியாது, ஃப்ரீ டி4 (ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோன்) பார்த்தே முடிவெடுப்பார்கள்.

இடைப்பட்ட எண்ணுக்கு சினாக்தன் (செயற்கை ஏ.சி.டி.எச்.) கொடுத்து அட்ரீனலைத் தூண்டிப் பார்க்கும் பரிசோதனை. முதல் ரத்தம் எடுத்துவிட்டு 250 மைக்ரோகிராம் ஊசி. 30, 60 நிமிடங்களில் மறுபடி ரத்தம். உச்சம் 18-ஐ எட்ட வேண்டும் என்பது பழைய கணக்கு. புதிய முறைகளில் 14, 15 போதும். அதனால் உங்கள் லேப் எந்த எல்லையை வைத்திருக்கிறது என்று கேட்காமல் ரிப்போர்ட்டைப் படிக்காதீர்கள். பிட்யூட்டரி பழுது புதிதாக வந்திருந்தால் இந்தச் சோதனை இயல்பாகவே வரக்கூடும்.

அட்ரீனல் பழுது உறுதியானால் 21-ஹைட்ராக்சிலேஸ் என்ற அட்ரீனல் நொதிக்கு எதிரான எதிர்ப்பொருளைப் பார்ப்பார்கள். இருந்தால் காரணம் தன்னெதிர்ப்பு. எதிர்ப்பொருள் இருந்தும் கார்ட்டிசால் சரியாக இருப்பவர் ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும். பலருக்கு முதலில் ஏறுவது ரெனின்தான்.

‘அட்ரீனல் களைப்பு’ என்று சொல்லி ஒரு நாளில் நான்கு முறை எச்சில் எடுக்கும் கிட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். அடிசன் நோயைக் கண்டுபிடிக்க அது உதவாது. அதோடு விற்கும் அட்ரீனல் சாறு மாத்திரைகளில் உண்மையிலேயே ஹார்மோன் இருந்தால், அதுவே சுரப்பியை அடக்கிவிடும். எல்லாம் இயல்பாக வந்தும் சோர்வு போகவில்லையா? இரும்பு, பி12, சீலியாக் நோய் (கோதுமைப் புரதம் குடலுக்கு ஒவ்வாத நோய்) ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். ஹாஷிமோட்டோவோடு இவை அடிசனைவிட அதிகமாகச் சேர்ந்து வரும்.

அடங்காத வாந்தி, கடும் வயிற்றுவலி, நிற்க முடியாத தளர்ச்சி, குழப்பம் இவை வந்தால் காலை எட்டு மணிக்காகக் காத்திருக்கக் கூடாது, அவசரச் சிகிச்சைக்குப் போங்கள். “எனக்குத் தன்னெதிர்ப்புத் தைராய்டு நோய், அட்ரீனல் சந்தேகம் இருக்கிறது” என்று வாசலிலேயே சொல்லுங்கள். கார்ட்டிசாலுக்கும் ஏ.சி.டி.எச்.-க்கும் ரத்தத்தை எடுத்துக்கொண்டு, முடிவு வரும்வரை காத்திராமல் 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியும் சலைனும் உடனே ஏற்றுவதுதான் முறை. ரத்தம் எடுக்கத் தாமதமானால் ஊசி முதலில்.