பெரியம்மா வீட்டு அலமாரியில் பழைய மைன்கிராஃப்ட்: தொலைந்த வெர்ஷன்களைத் தேடுவது எப்படி?

மைன்கிராஃப்டில் தொலைந்துபோன வெர்ஷன்கள் உண்டு என்று சொன்னால், தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் என்னிடம் தமிழ் படிக்கும் பிள்ளைகள் நம்புவதில்லை. உலகமே ஆடிய ஆட்டம் எப்படித் தொலையும் என்று கேட்கிறார்கள். 2010இல் அந்த ஆட்டத்தின் லாஞ்சர், அதாவது ஆட்டத்தைத் திறக்கும் மென்பொருள், புதிய வெர்ஷன் வந்ததும் பழைய ஃபைலின் மேலேயே அதை எழுதிவிடும். எடுத்து வைத்தவரிடம் மட்டும்தான் பழையது மிஞ்சும்.

2010 செப்டம்பர் 18, சனிக்கிழமை. ஆல்ஃபா என்ற ஆரம்பக் கட்டத்தின் 1.1.1 வெர்ஷன் வெளியானது. தூண்டிலும் சுவரில் மாட்டும் ஓவியங்களும் அதில்தான் முதலில் வந்தன. ஆனால் அதில் ஒரு பிழை இருந்ததால், சுமார் மூன்றரை மணி நேரத்திலேயே 1.1.2 வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கும் மேல் 1.1.1 யார் கையிலும் அகப்படவில்லை. 2021 ஜூனில்தான் கிடைத்தது. அது வெளியான நாளில் ட்விட்டரில் அதைப் பற்றி எழுதியவர்களை ரசிகர் ஒருவர் தேடிப் போனார். அப்படிப் பிடித்தவர்களில் ஒருவரிடம் ஃபைல் பத்திரமாக இருந்தது.

இதை டர்பனில் இருந்துகொண்டு எழுத ஒரு காரணம் இருக்கிறது. 2010 வாக்கில் நம் வீடுகளில் இணையம் அளந்துதான் வரும். மாதக் கணக்கு தீர்ந்தால் அவ்வளவுதான். அதனால் ஆட்டம் ஃபிளாஷ் டிரைவில் வீடு வீடாகப் போனது. இணையம் இல்லாமலே ஆட முடிந்ததால் அப்டேட் ஆகாமலே கிடந்தது. என் பெரியம்மா மகன் கணினியில் ஆட்டம் ஆல்ஃபா 1.2.6இலேயே நின்றுபோயிருந்தது. 2010 டிசம்பர் 20 அன்று பீட்டா என்ற அடுத்த கட்டம் வந்ததே அந்தக் கணினிக்குத் தெரியாது. 1.2.6 எல்லோரிடமும் இருப்பதுதான். ஆனால் அதைப் பார்த்த அன்றுதான், இங்கே அலமாரிகளில் இன்னும் என்னென்ன நின்றுபோய்க் கிடக்குமோ என்று எனக்குத் தோன்றியது.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் படி: ஆளைக் கேளுங்கள்

2009, 2010இல் யார் வீட்டில் கணினி இருந்தது, அதில் எந்தப் பையன் ஆடினான், அந்தக் கணினி இப்போது எங்கே? கல்யாண வீட்டிலோ காவடி முடிந்து சாப்பிட உட்காரும்போதோ கேட்டால் போதும். “அண்ணா, பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டுட்டீங்களா?” என்ற ஒரு கேள்விக்கு எனக்கு மூன்று ஹார்ட் டிஸ்க் கிடைத்தது. வாங்கும்போதே, வீட்டுப் படங்களையும் கடிதங்களையும் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.

இரண்டாம் படி: பழைய கணினியை ஆன் செய்யாதீர்கள்

புதிதாக வருபவர்கள் எல்லோரும் செய்யும் தவறு இதுதான். ஆசையில் கணினியை ஆன் செய்து, ஆட்டத்தைத் திறந்து பார்ப்பார்கள். விண்டோஸ் எழும்போதே டிஸ்கில் ஏதேதோ எழுதும். அழிந்த ஃபைல் கிடக்கும் இடத்தில் அது எழுதிவிட்டால் பிறகு மீட்க வழியே இல்லை. இணையமும் இருந்து லாஞ்சர் அப்டேட் ஆகிவிட்டால், தேடி வந்ததை உங்கள் கையாலேயே அழித்தது போல.

டிஸ்கைக் கழற்றி, யூஎஸ்பி அடாப்டர் வழியாக உங்கள் கணினியில் இணையுங்கள். அகலமான பட்டை கேபிள் போகும் பழைய டிஸ்க் ஐடிஈ வகை, மெல்லிய கேபிள் போவது சாட்டா வகை. இரண்டுக்கும் பொருந்தும் அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள்.

மூன்றாம் படி: முழு நகல்

டிஸ்க் முழுவதையும் ஒரே ஃபைலாக நகலெடுக்க வேண்டும். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவி இருக்கிறது. நம் கடலோரக் காற்றில் பத்து வருடம் கிடந்த டிஸ்க்குக்கு இதைத்தான் நான் சொல்வேன். முதலில் நல்ல பகுதிகளை எடுத்துக்கொண்டு, பிறகுதான் கெட்ட பகுதிகளில் முயற்சி செய்யும். எதுவரை எடுத்தது என்பதை ‘மேப்’ ஃபைல் ஒன்றில் குறித்துக்கொண்டே போகும். அந்த ஃபைலின் பெயரைக் கட்டளையில் சேர்க்க மறக்காதீர்கள். நகலெடுக்கும்போது பாதியில் மின்வெட்டு வந்தது. மின்சாரம் திரும்பியதும் அதே கட்டளையைத் திரும்பக் கொடுத்தேன், விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. மேப் இல்லாவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டால் உடனே நிறுத்திவிடுங்கள்.

நான்காம் படி: எங்கே பார்ப்பது

நகலைத்தான் திறக்க வேண்டும், டிஸ்கை அல்ல. விண்டோஸ் 7 என்றால் யூசர்ஸ், ஆளின் பெயர், ஆப்டேட்டா, ரோமிங் என்று போங்கள். எக்ஸ்பி என்றால் டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ், ஆளின் பெயர், அப்ளிகேஷன் டேட்டா. அங்கே புள்ளியில் தொடங்கும் மைன்கிராஃப்ட் ஃபோல்டர் இருக்கும். அதற்குள் ‘பின்’ ஃபோல்டர், அதில் மைன்கிராஃப்ட்.ஜார். ஆட்டம் இருப்பது இந்த ஃபைலில்தான். இந்த ஃபோல்டர்கள் மறைந்திருக்கும், மறைந்தவற்றைக் காட்டும்படி அமைப்பை மாற்றிக்கொள்ளுங்கள்.

அதற்கும் முந்தைய காலத்தில் ஆட்டம் பிரவுசரிலேயே ஓடியது. அப்போது ஃபைல் ஆட்டத்தை ஓட்டும் ஜாவா மென்பொருளின் கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) ஃபோல்டரில் புரியாத பெயரோடு தங்கும். ஆகவே அதையும் விடாதீர்கள். அழிக்கப்பட்டவற்றை ஃபோட்டோரெக் என்ற கருவி மீட்டுத் தரும். பெயர்கள் போயிருக்கும், பொறுமையாக ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஐந்தாம் படி: என்ன கிடைத்திருக்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. ஜார் என்பது ஒரு ஜிப் ஃபைல்தான். செவன்-ஜிப் என்ற மென்பொருளில் திறந்தால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஃபைலுக்கும் தேதியும் நேரமும் தெரியும். ஜிப்புக்குள் பதிவாவது அதை உருவாக்கிய கணினியின் உள்ளூர் நேரம். ஆட்டம் உருவானது ஸ்டாக்ஹோமில். ஸ்வீடனின் கோடை நேரமும் நம் தென்னாப்பிரிக்க நேரமும் ஒன்றுதான். அதனால் செப்டம்பர் மாத ஃபைல் என்றால் நீங்கள் காணும் மணி, டர்பனில் அப்போது என்ன மணியோ அதேதான்.

அப்புறம், ‘மெட்டா-இன்ஃப்’ ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். மாட் போட்டவர்கள், அதாவது ஆட்டத்தை மாற்றியமைத்தவர்கள், அதை அழித்துவிடுவது அந்தக் கால வழக்கம். அது இருந்தால், யாரும் கைவைக்காத ஃபைலாக இருக்க வாய்ப்பு அதிகம். கடைசியாக, செவன்-ஜிப்பின் வலது கிளிக் மெனுவில் ஷா-256 கணக்கிட்டு, அந்த நீண்ட எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஃபைல் என்றால் ஒரே எண்தான் வரும். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் எண் மாறிவிடும்.

ஆறாம் படி: சொல்லுங்கள், ஆனால் எல்லாவற்றையும் கொடுக்காதீர்கள்

பழைய மைன்கிராஃப்ட் வெர்ஷன்களைச் சேர்க்கும் ஆம்னிஆர்கைவ் குழுவிடம் அந்த எண், தேதி, ஃபைலின் அளவு மூன்றையும் சொன்னால் போதும். தங்களிடம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

ஃபோல்டரை அப்படியே ஜிப் செய்து யாருக்கும் அனுப்ப வேண்டாம். அதில் ‘லாஸ்ட்லாகின்’ என்ற சின்ன ஃபைல் இருக்கும். ஆடியவரின் பெயரும் பாஸ்வேர்டும் அதில் இருக்கக்கூடும். பூட்டித்தான் இருக்கும், ஆனால் எல்லாக் கணினிக்கும் ஒரே சாவி, அந்தச் சாவியும் ஊரறிந்தது. அண்ணன் அதே பாஸ்வேர்டை இன்றும் வேறு எதற்காவது வைத்திருக்கலாம். ஜாரை மட்டும் தனியாக எடுங்கள்.

பெரியம்மாவின் டிஸ்கைப் போன வாரம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை டர்பனின் ஃபீனிக்ஸில் சின்ன மாமா வீடு. கட்டிலுக்கு அடியில் ஒரு கணினி இருக்கிறதாம், 2009இல் வாங்கியது.